இடப்பக்கம் திரும்பாதவர்

அவருடைய பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால், இப்போது இருக்கும் இடத்திலிருந்து எட்டிப் பார்த்து, ஒரு கொம்பு குறைகிறது, ஒரு சுழி கூடிவிட்டது என்று திருப்பி அனுப்பிவிடுவார். கனடாவில், ஸ்காபரோவில் ஒரு பிளாஸ்ரிக் தொழிற்சாலையில் வேலை செய்த எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் அவர் ‘ரிஜெக்ட் அண்ணை’. அந்தப் பெயர் அவருக்கும் தெரியும். தெரிந்து, அதை ஒரு பட்டம் போலத்தான் வைத்திருந்தார்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் நான் அங்கே பொதி கட்டும் பகுதியில் நின்றேன். ஐஸ்கிறீம் வாளிகளுக்கு மூடி செய்கிற தொழிற்சாலை அது. மூடிகள் பெல்ட்டில் வரிசையாக ஊர்ந்து வரும். நடுவில் ஓர் உயரமான ஸ்டூலில், தலைக்கு வலை போட்டுக்கொண்டு அவர் இருப்பார். ஒரு மூடியை எடுப்பார். நகத்தால் ஒரு தட்டு. வெளிச்சத்தில் பிடித்து ஒரு கண்ணை மூடிப் பார்ப்பார். பிடிக்காவிட்டால், “ரிஜெக்ட்” என்று சொல்லிப் பக்கத்தில் இருக்கும் நீலத் தொட்டிக்குள் எறிவார். பிடித்தால் ஒன்றும் சொல்ல மாட்டார். நல்ல மூடிக்கு அவர் வாயிலிருந்து ஒரு சொல்லும் கிடைத்ததில்லை.

மேற்பார்வையாளர் ஒருநாள் வந்து, நீலத் தொட்டி நிரம்பி வழிவதைப் பார்த்துவிட்டு, இது வெறும் ஐஸ்கிறீம் மூடிதானே என்று கெஞ்சினார். இவர் தன்னுடைய ஆங்கிலத்தில், ஐஸ்கிறீம் வாங்குகிறவன் முதலில் பார்ப்பது ஐஸ்கிறீமை அல்ல, மூடியைத்தான் என்று விளக்கினார். அந்த மனிதர் தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டார்.

தொழிற்சாலைக் கதவோடு இது நின்றிருந்தால் பரவாயில்லை. தமிழ்க் கடையில் மட்டன் ரோல்ஸ் வாங்கினால் ஒவ்வொன்றையும் திருப்பித் திருப்பிப் பார்த்து, ‘ஒரு பக்கம் மெத்தக் கறுப்பு’ என்று மாற்றச் சொல்வார். வருடப் பிறப்புக்குச் சும்மா கொடுத்த கலண்டரைக்கூடத் திருப்பிக் கொடுத்தார். முருகனின் மயிலுக்கு ஒரு கால் அச்சில் விழவில்லையாம். கடைக்காரர் அவரைக் கண்டால் உள்ளே போய் ஒளித்துக்கொண்டு, மனைவியை முன்னுக்கு விடுவார்.

இதெல்லாம் எனக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது, அவருடைய மகள் வதனியைக் காணும்வரை.

தொழிற்சாலைக்கு எதிரே இருந்த டோனட் கடையில் வதனி பகுதி நேரமாக வேலை செய்தாள். நான் ஒரு கோப்பிக்கு மூன்று தரம் நன்றி சொல்லி, இல்லாத காரணங்களுக்காகத் திரும்பத் திரும்பப் போய் நின்றேன். அவளுக்கும் என்னைப் பிடித்தது. அது போதும் என்றுதான் நினைத்தேன். பிறகுதான் அவளுக்கு வந்த மாப்பிள்ளைகளின் கதியைச் சொன்னாள். ஒருவருக்குக் கை புட்டு மாதிரி மெத்தென்று இருந்ததாம், ரிஜெக்ட். ஒருவர் வசனத்துக்கு வசனம் ‘பேசிக்கலி’ என்றாராம், ரிஜெக்ட். இன்னொருவர் வாசலில் காரை நிற்பாட்ட இரண்டு தரம் முன்னும் பின்னும் போனார் என்பதற்காக, அவர் காரிலிருந்து இறங்க முதலே ரிஜெக்ட்.

நானோ, கார் ஓட்டும் லைசென்ஸே இல்லாதவன். அதைவிடப் பெரிய குறை ஒன்றும் எனக்கு உண்டு. நான் இடக்கைக்காரன். எழுதுவது மட்டுமல்ல, சாப்பிடுவதும் இடக்கையால்தான். என்னுடைய அம்மா அடித்தும் கெஞ்சியும் பார்த்துவிட்டுக் கைவிட்ட கை அது. சபையில் வலக்கையால் சமாளிப்பேன். ஆனால் ருசியான சாப்பாட்டைக் கண்டால் இடக்கை தானாக எழும்பிவிடும்.

“லிசின்,” என்றாள் வதனி. “அப்பாவுக்கு முன்னாலை லெஃப்ட் ஹாண்டாலை மட்டும் சாப்பிட்டுப் போடாதேங்கோ. தட்ஸ் இட், ஃபினிஷ்ட்.”

“சரி.”

“பிறகு இன்னொண்டு. ஃபக்டரியிலை அவரை என்னெண்டு கூப்பிடுறனீங்கள்?”

“அண்ணை எண்டுதான்.”

“அப்ப நான் உங்களுக்குப் பெறாமகள், மகள் முறை! யூக். எப்பிடிக் கலியாணம் கட்டுறது?”

அந்தக் கோணத்தில் நான் யோசித்திருக்கவில்லை. மறுநாளே ‘அங்கிள்’ என்று மாற்றிக் கூப்பிட வாயெடுத்தேன். அவர் ஒரு மூடியை வெளிச்சத்தில் பிடித்தபடி, ஒரு கண்ணை மூடி என்னைத் திரும்பிப் பார்த்தார். வாயிலிருந்து ‘அண்ணை’ என்றுதான் வந்தது.

இப்படிப்பட்ட மனிதரிடம் ஒரு மோட்டார் சைக்கிள் இருந்தது. நாடு விட்டு நாடு போகிறவர்களுக்காக ஜப்பான்காரன் செய்த பெரிய சைக்கிள். இரண்டு பக்கமும் பெட்டி, பின்னால் ஒரு பெட்டி, முன்னால் கண்ணாடி, ரேடியோ, கசெற், ஹெல்மெட்டுக்குள் இருந்து கதைக்கிற இன்ரர்கொம், விமானத்தில் இருப்பது போலக் கடிகாரங்களும் முள்ளுகளும். நயாகராப் பக்கம் யாரோ ஒரு வெள்ளைக்காரக் கிழவரிடம் பழசாக வாங்கியது. டோர்செட் பார்க்கில் அவர்கள் இருந்த மாடிக் கட்டடத்தின் நிலக்கீழ்த் தரிப்பிடத்தில், பொன்னாடை போர்த்தியதுபோல ஒரு பழைய கட்டில் விரிப்பால் மூடி வைத்திருப்பார்.

அந்த மோட்டார் சைக்கிளில் ஓட்டத்தைத் தவிர மற்றதெல்லாம் பிழை. பெற்றோல் முள்ளு, தாங்கி நிரம்பினால் பாதி காட்டும், பாதியானால் வெறுமை காட்டும், உண்மையிலேயே முடியும் நேரத்தில் உற்சாகமாக எழும்பி முழுசாகக் காட்டும். வேக முள்ளு மைலில் இருந்தது. அதை இவர் கிலோமீற்றராக்கி, கண்ட மாதிரி ஆடுவதற்காகக் கொஞ்சம் கழித்து, எதிர்க்காற்று என்றால் மறுபடி கொஞ்சம் கூட்டிக்கொள்வார். சூட்டு முள்ளு பனிக்காலத்திலும் சிவப்பில் நிற்கும். மணிக்கூடு தன் பாட்டில் வேறொரு நாட்டு நேரம் காட்டும். பின்பெட்டி மூடியின் பூட்டுப் பிடிக்காது. பின்னால் ஒருவர் சாய்ந்திருந்து முதுகால் அமத்தாவிட்டால், அது திறந்து சேவல் செட்டை அடிப்பதுபோல அடிக்கும்.

மூடியில் ஒரு மயிர்க் கீறலுக்குச் சம்மதிக்காத மனிதர், இதில் ஒன்றையும் திருத்தவில்லை. கராஜ் வைத்திருந்த எங்கள் ஆள் ஒருவர் மனம் பொறுக்காமல் ஒருநாள் கேட்டார். அப்போது நானும் பக்கத்தில் நின்றேன்.

“அண்ணை, ஒரு நாளைக்கு விட்டிட்டுப் போங்கோ. எல்லாத்தையும் குணப்படுத்தித் தாறன். ஒரு சதமும் வேண்டாம்.”

அவருக்கு முகம் கறுத்துவிட்டது. “உதிலை என்ன பழுது?”

“பெற்றோல் முள்ளு பொய் சொல்லுது, அண்ணை.”

“எனக்குப் பொய் சொல்லேல்லை. என்ன பொய் எண்டு எனக்குத் தெரியும்தானே. உது பழுதில்லை, உது அதின்ர குணம். குணம் இருக்கிறதை என்னத்துக்குக் குணப்படுத்துறது?”

“அப்ப ஃபக்டரியிலை மூடியளை மட்டும் ஏன் எறியிறியள்?”

“பெல்ட்டிலை போறது வேறை, தம்பி. வீட்டை வந்தது வேறை,” என்று சொல்லிவிட்டு, சீற்றில் இல்லாத தூசியைத் தட்டினார்.

அந்த மோட்டார் சைக்கிளின் குணங்களில் மகா குணம் ஒன்று உண்டு. வாங்கிய புதிதில் கோயிலுக்குக் கொண்டுபோய், சில்லுக்கு எலுமிச்சங்காய் வைத்துப் பூசை செய்தார்கள். மங்களமாக இருக்கட்டும் என்று அவருடைய மனைவி, எங்கள் அன்ரி, ஒரு நாதஸ்வரக் கசெற்றை உள்ளே தள்ளினா. அது இறுகிவிட்டது. பிறகு அதை வெளியே எடுக்க எமனாலும் முடியவில்லை. நாடா ஓர் இடத்தில் சிக்கி, அந்த இடத்திலேயே முன்னும் பின்னுமாக ஓடும். அந்த இடம் கெட்டிமேளம். அத்தோடு, இடப்பக்கச் சிக்னலுக்கும் கசெற்றுக்கும் வயர் எங்கேயோ ஒட்டிக்கொண்டுவிட்டது. இடப்பக்கம் திரும்ப சிக்னல் போட்டால், தாலி கட்டும் நேரத்து மேளம் ஸ்காபரோ முழுக்கக் கேட்கும்.

சிக்னல் போடாமல் திரும்புகிற ஆள் அவரில்லை. கையை நீட்டிக் காட்டலாமே என்றால், சிக்னல் இருக்கிற வண்டிலில் கை காட்டுவது வண்டிலை அவமதிப்பதாம். ஆகவே இடப்பக்கம் திரும்புவதையே விட்டுவிட்டார். இடம் போக வேண்டிய சந்தியைத் தாண்டி நேரே போவார், வலப்பக்கம் திரும்புவார், மறுபடி வலம், மறுபடி வலம், அப்படியே வந்து சந்தியைக் குறுக்காகக் கடப்பார். ஸ்காபரோவில் தெருக்கள் சதுரம் சதுரமாக இருப்பதால் இது சரிவந்தது. பெரிய ஹைவேயில் ஏறுவதில்லை, லேன் மாறினாலும் மேளம் அடிக்குமே.

ஒரேயொரு தரம் தவறிவிட்டது. ஒரு செத்தவீட்டுக்குப் போனார்கள். பிணம் வைத்திருந்த மண்டபத்தின் வாசல் இடப்பக்கம், பின்னால் பொலிஸ்காரன் ஒருவன், வேறு வழியில்லை. கறுப்புச் சட்டையோடு வாசலில் நின்ற சனம் முழுவதும் திரும்பிப் பார்க்க, கெட்டிமேளம் முழங்க உள்ளே போனார்கள். செத்தவரின் மனைவி ஒருத்திதான் சிரித்தா என்று அன்ரி சொல்வா.

அன்ரியைப் பற்றிச் சொல்லாமல் அந்த மோட்டார் சைக்கிளைப் பற்றிச் சொல்ல முடியாது. சேலையை வரிந்து கட்டி, மேலே குளிர் ஜக்கெட் போட்டு, கொண்டைக்கு மேல் ஹெல்மெட்டை அமத்தி, பின் சீற்றில் மகாராணி மாதிரி இருப்பா. இன்ரர்கொம் எப்போதோ செத்துவிட்டது என்றுதான் எல்லோருக்கும் தெரியும். அவர் முன்னால் இருந்து என்ன கத்தினாலும் பின்னால் கேட்காது. ஆனாலும் ஓட்டம் தொடங்கினால் அன்ரியின் வாய் ஓயாது. ஹெல்மெட்டுக்குள் தன்னோடு தானே கதைத்துக்கொண்டு வருவா. வீட்டில் மனுசனிடம் எதையும் கேட்கிற பழக்கம் அவவுக்கு இல்லை.

“கேக்கத் தேவையில்லை, தம்பி,” என்று ஒருநாள் எனக்குப் பெருமையாகச் சொன்னா. அன்று கோயிலில் வதனியோடு நானும் தற்செயலாக நிற்பதுபோல நின்றேன். “இடியப்ப உரல் உடைஞ்சு போச்சு எண்டு நான் மூச்சும் விடேல்லை. அடுத்த கிழமை புது உரலோட வந்து நிக்கிறார். என்ர தங்கச்சியின்ர நினைவாக் கிடந்தன், போன் கார்ட் வேண்டிக்கொண்டு வாறார். சொல்லாமலே விளங்கிக்கொள்ளுற மனுசன்.”

மூடிக்கும் மட்டன் ரோல்ஸுக்கும் இரக்கம் காட்டாத மனிதருக்கு இப்படி ஒரு நுட்பம் எங்கிருந்து வந்தது என்று எனக்கு விளங்கவில்லை.

செப்ரெம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை, பெல்ட் நின்ற இடைவேளையில், அவர் ஸ்டூலிலிருந்து இறங்கி நேரே என்னிடம் வந்தார்.

“தம்பி, உமக்கு எத்தினை கிலோ?”

“எழுவது இருக்கும், அண்ணை.”

சுற்றிவந்து என் முதுகைப் பார்த்தார். “முதுகு அகலம்தான். ஞாயிற்றுக்கிழமை பிக்கரிங் வரைக்கும் போகவேணும். அன்ரிக்கு முழங்கால் நோ. பின்பெட்டியை அமத்த ஓராள் வேணும்.”

“பிக்கரிங்கிலை என்ன அண்ணை?”

“வதனிக்கு ஒரு இடம் வந்திருக்கு. பெடியனையும் வீட்டையும் ஒருக்கால் பாப்பம் எண்டு. மத்தியானச் சாப்பாடும் அங்கைதான்.”

நான் காதலிக்கிற பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்க, மூடி அமத்தும் பாரமாக என்னையே கூட்டிப் போகிறார். மாட்டேன் என்று சொல்ல ஒரு காரணம் தேடினேன். வாய் ‘ஓம் அண்ணை’ என்றது.

வதனி போனில் அழவில்லை, திட்டினாள். “நீங்கள் என்ன செய்வீங்களோ தெரியாது. அந்தாளிட்டை ஒரு பிழை கண்டுபிடியுங்கோ. அண்ட் யூஸ் யுவர் ரைட் ஹாண்ட்.”

“போற வழியிலை நானே கொப்பரோட கதைச்சுப் பாக்கட்டோ?”

“எப்பிடி? இன்ரர்கொம் டெட். நான் போன கிழமை அப்பாவுக்குப் பின்னாலை இருந்துதான் லைப்ரரிக்குப் போனனான். ஒண்டுமே கேக்காது.”

ஞாயிற்றுக்கிழமை காலை அவர் எனக்கு அன்ரியின் ஹெல்மெட்டை மாட்டிவிட்டார். உள்ளே சந்தன மணம். “வளைவுகளிலை நான் சோத்துக்கைப் பக்கம் சரிவன். நீரும் என்னோட சோத்துக்கைப் பக்கம் சரியவேணும். விளங்குதோ?” என்றார்.

விளங்கியது. அதுதான் பிழை. சோறு தின்கிற கை எதுவோ அதுதான் சோத்துக்கை. முதல் வளைவில் அவர் வலப்பக்கம் சரிய, நான் இடப்பக்கம் சரிந்தேன். மோட்டார் சைக்கிள் சாராயம் குடித்தது போல ஆடியது. அந்த மனிதர் போகிற பாதையிலோ வலப்பக்க வளைவைத் தவிர வேறொன்றும் இல்லை. ஒவ்வொன்றிலும் ஆடினோம். மூன்றாவதோ நாலாவதோ வளைவில்தான் எனக்கு உறைத்தது.

கிங்ஸ்ரன் ரோட்டில் ஏறிய பிறகு அவருடைய தோளுக்கு மேலால் முள்ளுகளைப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. பெற்றோல் வெறுமை. சூடு சிவப்பு. வேக முள்ளு கண்டபடி ஆட்டம். மணிக்கூட்டில் விடியற்காலை நாலு. குணங்களைப் பற்றிக் கதையாகக் கேட்பது வேறு, அவற்றின் மேல் குந்தியிருந்து கிழக்கே போவது வேறு. ஒருவருக்கும் கேட்காது என்ற தைரியத்தில் ஹெல்மெட்டுக்குள் புலம்பத் தொடங்கினேன்.

“பிள்ளையாரே, பெற்றோல் முடிஞ்சுது, எஞ்சின் கொதிக்குது. வதனி, கொப்பர் என்னைக் கொல்லப் போறார். மாப்பிள்ளை பாக்கவெல்லோ என்னை ஏத்திக்கொண்டு போறார். நான் என்னெண்டு வாயைத் துறந்து கேக்கிறது? பிள்ளையைக் கட்டித் தாங்கோ எண்டு கேட்டா, நகத்தாலை ஒரு தட்டுத் தட்டி, வெளிச்சத்திலை பிடிச்சுப் பாத்திட்டு, நீலத் தொட்டிக்கை எறிவார். லைசென்ஸ் இல்லை, இடக்கை வேறை. இந்த ஓட்டை வண்டிலுக்குக் குடுக்கிற மரியாதையிலை பாதியை எனக்குத் தந்தா ஆகாதோ? நானும் ஓடுவன்தானே. வதனியை வடிவா வைச்சிருப்பன்தானே.”

அந்த இடத்தில் மோட்டார் சைக்கிள் ஒரு குலுக்குக் குலுக்கியது. இதற்கும் ஏதோ ஒரு குணம் என்று நினைத்து, பெட்டி மூடியை இன்னும் இறுக்கி அமத்திக்கொண்டேன்.

பிக்கரிங் வீடு புத்தம் புதியது. கராஜ் கதவு ஆளைக் கண்டு தானே திறந்தது. மாப்பிள்ளை வாசலுக்கு வந்து கை கொடுத்தான். அண்ணையின் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டேன், கை புட்டு இல்லை. பல் வரிசை நேர். தமிழ் சுத்தம், ‘பேசிக்கலி’ ஒரு தரமும் வரவில்லை. கம்ப்யூட்டர் வேலை. போதாததற்கு என்னுடைய ஹெல்மெட்டையும் மரியாதையாக வாங்கி வைத்தான். எனக்கே அவனைப் பிடித்துப்போனது, அந்த எரிச்சலை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது?

அவர் விடவில்லை. சுவரைத் தட்டிப் பார்த்தார். குழாயைத் திறந்து பூட்டினார். “உங்கட கார் ஏதும் சத்தம் போடுறதோ, தம்பி?” என்று மாப்பிள்ளையைக் கேட்டார்.

“இல்லை அங்கிள், புதுசு.”

“ஒரு சின்னச் சத்தமும்?”

“ஒண்டும் இல்லை, அங்கிள்.”

“ஓகோ,” என்றார். ஏமாந்த குரல்.

பிறகு மேசைக்குக் கூப்பிட்டார்கள். சோறு, பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, நடுவில் ஒரு பெரிய சட்டியில் நண்டுக்கறி. முருங்கையிலை போட்டு, மிளகு இடித்துப் போட்டு, வாசம் கூரையில் முட்டியது. வதனியின் முகத்தை மனதில் நிறுத்திக்கொண்டு வலக்கையால் சோற்றைப் பிசைந்தேன். பருப்புவரை சமாளித்தேன். நண்டுக் காலை வலக்கையால் உடைத்துத் தின்ன எனக்கு இன்றும் தெரியாது. எப்போது கை மாறினேன் என்று நினைவில்லை. ஒரு நண்டு முழுசாக முடிந்து, இரண்டாவதன் கோதை உறிஞ்சிக்கொண்டிருக்கும்போதுதான் மேசை அமைதியாகிவிட்டதைக் கவனித்தேன்.

“ஐயோ தம்பி,” என்றா மாப்பிள்ளையின் தாய், “பீச்சாங்கையாலையோ சாப்பிடுறனீர்?”

இடக்கை முழுக்கக் குழம்பு. ஒளிக்க இடமில்லை. நான் அவரைப் பார்த்தேன். அவர் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார், ஒரு கண்ணை மூடி. ‘ரிஜெக்ட்’ என்ற சொல்லுக்காகக் காத்திருந்தேன்.

“உது பழுதில்லை,” என்றார் அவர், தன்னுடைய சோற்றைக் குழைத்தபடி. “உது உவற்றை குணம். நண்டைப் பாருங்கோ, என்ன வடிவாத் துப்பரவாக்கியிருக்கிறார்.”

எனக்குப் புரைக்கேறிவிட்டது. மாப்பிள்ளைதான் ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தான்.

விடைபெற்று வெளியே வந்து, மோட்டார் சைக்கிளுக்குப் பக்கத்தில் கன நேரம் நின்றார். முகம் விழுந்திருந்தது.

“ஒரு பிழையும் பிடிபடேல்லை, தம்பி,” என்றார். அந்தக் குரலில் உண்மையான பயம் இருந்தது. “இவ்வளவு காலமா மூடி பாக்கிறன். பிழை இல்லாத மூடி எண்டு ஒண்டு இல்லை. பிழை என்னெண்டு தெரிஞ்சா அதோட சீவிக்கலாம். எங்கை இருக்கெண்டே தெரியாட்டி, பிள்ளையை என்னெண்டு நம்பிக் குடுக்கிறது?”

திரும்பும்போது வளைவுகளில் ஒழுங்காகச் சரிந்தேன். சோத்துக்கை என்றால் எனக்கு எதிர்க்கை என்று மனப்பாடம் செய்துகொண்டு வந்தேன்.

அவர்களுடைய மாடிக் கட்டடத்துக்குப் போக, கடைசிச் சந்தியில் இடப்பக்கம் திரும்ப வேண்டும். அதாவது மற்ற மனிதர்கள் திரும்ப வேண்டும். அவர் வழக்கம்போல நேரே போய் மூன்று வலம் சுற்றுவார் என்று நான் சரியத் தயாரானேன். அவர் மெல்ல நடுக்கோட்டுப் பக்கம் ஒதுங்கி, சிவப்பு விளக்கில் நின்றார். இடது பெருவிரல் சிக்னல் ஆளியைத் தேடிப் போனதைப் பார்த்தேன். தட்டினார்.

தவிலும் நாதஸ்வரமும் ஒன்றாக வெடித்துக்கொண்டு எழும்பின. பஸ்ஸுக்கு நின்ற எங்கள் சனம் திடுக்கிட்டுத் திரும்பியது. ஓர் அம்மா கையிலிருந்த பையைக் கீழே வைத்துவிட்டுக் கும்பிட்டா. இரண்டு பெடியள் கை தட்டினார்கள். பக்கத்துக் காரில் இருந்த வெள்ளைக்காரர் கண்ணாடியைக் கீழே இறக்கி, பெருவிரலை உயர்த்திக் காட்டினார். பச்சை விழுந்தது. கெட்டிமேளம் கொட்டக் கொட்ட நாங்கள் இடப்பக்கம் திரும்பினோம். திரும்பிய பிறகும் அவர் சிக்னலை நிற்பாட்டவில்லை. நிலக்கீழ்த் தரிப்பிடத்தின் சரிவு வரைக்கும் மேளம் போனது. எனக்குக் கண் நிறைந்து, ஹெல்மெட்டுக்குள் துடைக்க வழியில்லாமல் வந்தேன்.

அவர் தன் வாயால் ‘ஓம்’ என்று ஒருநாளும் சொன்னதில்லை. வதனியிடமும் சொல்லவில்லை. எங்களுக்கு நடந்த நிச்சயம் அந்த இடப்பக்கத் திருப்பம் ஒன்றுதான்.

எஞ்சினை நிற்பாட்டிவிட்டு, கட்டில் விரிப்பை எடுத்து என்னிடம் ஒரு முனையைத் தந்தார். இருவருமாக மூடினோம்.

“தம்பி, நீர் நினைக்கிற மாதிரி நான் ஆக்களை நீலத் தொட்டிக்கை எறியிறேல்லை,” என்றார், விரிப்பைச் சரிசெய்தபடி.

நான் விரிப்பை விட்டுவிட்டேன். அந்தச் சொல்லை நான் சொன்ன இடம் ஹெல்மெட்டின் உள்பக்கம் ஒன்றுதான்.

“இன்ரர்கொம்... செத்துப் போச்சு எண்டு...”

“பாதிதான் செத்தது. நான் கதைக்கிறது பின்னாலை கேக்காது. பின்னாலை கதைக்கிறது எனக்கு நல்லாக் கேக்கும். ‘கொப்பர்’ எண்டு மரியாதையில்லாமச் சொன்னதும் கேட்டது. வதனியும் போன கிழமை லைப்ரரிக்குப் போகேக்கை உம்மைப் பற்றித்தான் முழு வழியும் அழுதவள். அதுதான், ஆளை ஒருக்கால் பின்னாலை ஏத்திப் பாப்பம் எண்டு.”

எழுபது கிலோ, அகல முதுகு எல்லாம் எதற்கு என்று அப்போதுதான் விளங்கியது. இடியப்ப உரலும் போன் கார்டும் விளங்கின. ஆண்டுக்கணக்காக அந்த மனிதர் முன்னால் பார்த்து ஓட்டியபடி, மனைவி வீட்டில் சொல்லாத எல்லாவற்றையும் ஒன்றும் விடாமல் கேட்டுக்கொண்டே வந்திருக்கிறார். அன்றைக்குத்தான் எனக்கு அவர்மேல் பயம் போய் அன்பு வந்தது. அவர் போன பிறகும் அது போகவில்லை.

“அன்ரிக்குச் சொல்லிப்போடாதையும்,” என்றார் குரலைத் தாழ்த்தி. “தெரிஞ்சா அவ பின்னாலை இருந்து ஒண்டும் கதைக்க மாட்டா. பிறகு எனக்கு ஒண்டும் தெரியவராது.”

“சொல்ல மாட்டன், அண்ணை.”

லிஃப்ற் பொத்தானை அமத்தப் போனவர் திரும்பினார். ஒரு கண்ணை மூடி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“அண்ணையோ?”

“மாமா,” என்றேன்.

அவர் ஒன்றும் சொல்லாமல் பொத்தானை அமத்தினார்.